கதவில் காது வைத்தவன்

உங்கள் காத்திருப்பு அறையில் போட்டிருக்கும் நாற்காலிகள் முதுகுக்கு ரொம்ப இதமாக இருக்கின்றன, மேடம். குடும்ப நீதிமன்ற ஆலோசகர் அலுவலகம் மாதிரி இடங்களில், வந்தவன் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று நினைத்துத்தான் நாற்காலி வாங்குவார்கள். இங்கே அப்படியில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு வருடம் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பேன். அங்கே மூலையில் குழந்தைகளுக்கு ஒரு புத்தக அடுக்கு வைத்திருக்கிறீர்கள். மேலிருந்து இரண்டாவது தட்டில், முதுகு கிழிந்து பசை நாடா ஒட்டிய ஒரு கறுப்பு அட்டைப் புத்தகம். அது என்னுடையது. படங்கள் என்னுடையவை என்று சொல்கிறேன். பாட்டு எல்லோருக்கும் பொது.

நீங்கள் அழைத்தது சின்ன விஷயத்துக்கு. என் மாப்பிள்ளை போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டார்: குழந்தை தானாகக் கேட்கும் வரை அவளைப் பார்க்க வர மாட்டேன் என்று. குழந்தை என் வீட்டில் இருப்பதால், வீட்டின் மூத்தவன் என்ற முறையில் அதைப் படித்தேன் என்று நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் வந்தேன். ஆனால் பேனாவைத் தொடுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம். தண்ணீர் ஒரு குவளை இங்கே வைக்கச் சொல்லுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிதுபடுத்திப் பேசுகிற ஆள். என் வாய்க்கு வேலி கிடையாது. தெருவில் பூனை குறுக்கே போனால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது சிறுத்தையாகிவிடும். "எங்கப்பா சொல்றத எல்லாம் பத்தால வகுத்துக்கோங்க" என்று என் மகள் புதிதாக வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள். ஆனால் என் கை அப்படியில்லை. கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்தேன். சிறுநீரகத்தின் குறுக்குவெட்டு, தவளையின் குடல், கப்பி, நெம்புகோல், பூவின் சூலகம். ஏழாம் வகுப்பில் நீங்கள் பார்த்த இதயம் நான் வரைந்ததாகவே இருக்கும். அதற்கு நீங்கள் மீசையும் வைத்திருப்பீர்கள். என் இதயத்துக்கு மீசை வைக்காத மாணவர் இந்த உலகத்திலேயே கிடையாது.

அந்த வேலையில் கற்பனைக்கு இடமில்லை. இலை வரைய வேண்டுமானால் இலையை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நரம்பு கூடிப்போனால் எங்கோ ஓர் ஆசிரியர் கடிதம் எழுதிவிடுவார். எலும்புக்கூடு வரைய மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஒரு வாரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாரக் கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்த காவலாளி, எலும்புக்கூட்டுக்குத்தான் தெம்பு அதிகம் என்றார். எதையும் எதிரில் பார்க்காமல் வரைய எனக்கு வராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் தரப்பில் நியாயம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

ஓய்வு பெற்றேன். இரண்டு வருடத்தில் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். மூன்று அறை வீட்டில் ஓர் ஆள். காலையில் கெட்டில் கொதித்தால் "வந்துட்டேன், கத்தாதே" என்று அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஆகியிருந்தேன். இப்படி நான்கு வருடம். அப்போதுதான் மாப்பிள்ளைக்கு வெளியூரில் எட்டு மாத வேலை வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடி மருத்துவமனைக்கு ஆறு லிஃப்ட் போடும் ஒப்பந்தம். என் மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பாதி நாள் காலை முறை, பாதி நாள் மாலை முறை. குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்க முடியாது.

"எட்டே மாசம், மாமா. பாத்துக்கோங்க" என்றார். இரண்டு பெட்டிகளை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர், மூச்சு வாங்க நின்று, "இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் போடச் சொல்லுங்க, நானே வந்து மாட்டித் தரேன்" என்று சிரித்தார். நல்ல மனிதர், மேடம். அதைப் பத்தால் வகுக்க வேண்டாம்.

குழந்தையைச் சுண்டு என்று கூப்பிடுவோம். அப்போது நான்கரை வயது. வந்த மூன்றாம் நாள் என் வரைமேசைக்குக் கீழே குடியேறிவிட்டாள். என் முட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, நான் சீவிப் போடும் பென்சில் சீவல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ப்பாள். குருவிகளுக்குப் பாவாடை தைக்க அவை வேண்டுமாம். நான் எழுந்தால் அவள் சாய்ந்து விழுந்துவிடுவாள் என்று மணிக்கணக்கில் எழ மாட்டேன். கால் மரத்துப்போய், ஒரு நாள் தபால்காரருக்குக் கதவைத் திறக்க ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போனேன். என் எழுபது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நொண்டியதில்லை.

அந்தச் சமயம்தான் பதிப்பகத்தில் இருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், அந்தப் பழைய பாட்டு இருக்கே, கதவத் திறந்த பொண்ணு பாட்டு. அத நல்லா இருட்டா, பயமா ஒரு படப் புத்தகமா போடலாம்னு இருக்கோம். உங்க கோடுதான் வேணும். தவளை வரைஞ்சது போதும் சார், வாங்க" என்றார். அந்தப் பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தட்டும் ஓசை கேட்டதுமே
தாழ்ப்பாள் திறந்தாள் சின்னப்பெண்;
கட்டம் போட்ட சட்டைக்காரன்
கையை நீட்டி நின்றிருந்தான்.

வாடி கண்ணே என்றழைத்தான்,
வாசல் தாண்டிப் போய்விட்டாள்;
தேடிப் பார்த்தார் ஊரெல்லாம்,
செருப்பு மட்டும் கிடைத்ததுவே.

பிள்ளைகள் கண்டவனுக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்பதற்காக யாரோ எந்தக் காலத்திலோ கட்டிய பாட்டு. பழைய பதிப்புகளில் அந்த ஆளுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் போட்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கொம்பு வைத்தவனுக்கு எந்தக் குழந்தை கதவைத் திறக்கும்? ஆள் சாதாரணமாக இருக்க வேண்டும். ஆனால் யாரைப் பார்த்து வரைவது? கண்ணாடியில் என்னையே பார்த்து வரைந்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுத் தையல் கடைக்காரரை மனதில் வைத்து முயன்றேன். கைக்குட்டைக்கு அளவெடுக்க வந்தவர் மாதிரி நின்றார்.

பிறகு மாப்பிள்ளை ஞாபகத்துக்கு வந்தார்.

லிஃப்ட் மெக்கானிக்குகள் வேலை செய்வதை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பழுது எங்கே என்று அவர்கள் முதலில் கண்ணால் தேடுவதில்லை. மூடிய லிஃப்ட் கதவில் வலது உள்ளங்கையை விரித்து வைப்பார்கள், தலையைச் சாய்த்துக் காதைக் கதவோடு ஒட்டுவார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். "நாம வாய மூடினா மெஷின் பேசும் மாமா" என்று ஒருமுறை சொன்னார். வாயைத் திறந்துகொண்டே சொன்னார், அது வேறு விஷயம். அந்தப் பழக்கம் அவருக்கு வீட்டுக் கதவிலும் உண்டு. மணி அடிப்பதற்கு முன் கையை விரித்து, காதை வைத்து நிற்பார். உள்ளே சுண்டு ஓடுகிற சத்தம் கேட்பதற்காக. அதைக் கேட்டுவிட்டுத்தான் மணி அடிப்பார். நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பெல்லாம் அதிலேயே போய்விடும் என்பார்.

அதை வரைந்தேன். பாடப்புத்தகக்காரன் புத்தி, கதவை நடுவில் அறுத்துக் குறுக்குவெட்டாகப் போட்டேன். பலகையின் கனம், தாழ்ப்பாள், கீலின் திருகாணி, எல்லாம் அளவு பிசகாமல். இந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், கையைத் தாழ்ப்பாளில் வைத்தபடி. அந்தப் பக்கம் மங்கலான விளக்கு, கட்டம் போட்ட சட்டை, விரித்த உள்ளங்கை, சாய்ந்த தலை, பாதி திறந்த வாய். கரிக்கோலால் வரைந்து, மேலே கருநீலம் பூசினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது என் கழுத்தின் பின்புறம் சில்லிட்டது. ஒரு தகப்பன் ஆசையாகக் காது கொடுத்து நிற்பதைப் பாதி வெளிச்சத்தில் போட்டால் எப்படி ஆகிவிடுகிறது பாருங்கள். கோட்டை நான் மாற்றவே இல்லை.

பதிப்பகத்து அம்மாவுக்குப் படம் பிடித்துப் போயிற்று. "ஆனா சார், பிள்ளைங்க தூங்க வேணாமா? தப்பிக்க ஒரு வழியாவது வைங்க. நீங்களே நாலு வரி சேருங்க, பழைய பாட்டுதானே, யார் வந்து கேக்கப்போறா" என்றார். பழைய பாட்டில் அந்தப் பெண்ணுக்குத் தப்பிக்க வழியே இல்லை. நான் மனமிரங்கிச் சேர்த்தேன். அவன்தான் காது வைத்துக் கேட்கிறவனாயிற்றே. அதனால்:

மூச்சை அடக்கி நின்றுவிடு,
மூலை ஓரம் ஒட்டிக்கொள்;
பேச்சும் மூச்சும் இல்லையென்றால்
பெருமூச்சோடு போய்விடுவான்.

அச்சுக்குப் போகும் முன் நாங்கள் ஒரு மாதிரிப் புத்தகம் செய்வோம். பக்கங்களை மடித்து, கையால் தைத்து, அசல் அளவில். ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். அதை மேசையில் விரித்து வைத்திருந்தேன். புதன்கிழமை மத்தியானம். பள்ளியில் இருந்து வந்த சுண்டு நாற்காலியில் ஏறி ஏழாம் பக்கத்தைப் பார்த்தாள். விரலை வைத்தாள்.

"இது அப்பா."

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கரியையும் நீலத்தையும் தாண்டி அந்த உள்ளங்கையைக் கண்டுபிடித்துவிட்டாள். என் கையில் ரப்பர் இருந்தது, மேடம். தாடையை இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் போதும், அது வேறு ஆள்.

அன்று காலையில்தான் மாப்பிள்ளை பேசியிருந்தார். வேலை இரண்டு மாதம் முன்னாலேயே முடிகிறதாம். மாதக் கடைசியில் வந்து இருவரையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். "உங்களுக்கும் பாவம், எவ்ளோ தொந்தரவு. இனி நிம்மதியா இருங்க மாமா" என்றார். நிம்மதி. ஃபோனை வைத்துவிட்டு நான் கெட்டிலைப் பார்த்தேன், கெட்டில் என்னைப் பார்த்தது.

ரப்பரைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா மாதிரியே இருக்கான்ல? அதுதான் அவனோட தந்திரம்" என்றேன்.

அவள் படத்தில் இருந்து விரலை எடுக்கவில்லை. "அப்ப நெஜ அப்பா வந்தா எப்டி தெரியும் தாத்தா?"

"தெரியாது. அதனாலதான் மூச்சு விடக் கூடாது."

"அம்மாக்குத் தெரியுமா?"

"சொன்னா அம்மா பயந்துடுவா. நமக்குள்ள இருக்கட்டும்."

அவ்வளவுதான். நான் அடித்தேனா, திட்டினேனா? ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வேடிக்கைக்குச் செய்கிறவன் அன்று சாயங்காலமே மேசையில் உட்கார்ந்து மற்றப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டான். இரண்டாம் பக்கத்தில், படியேறி வருகிறவனின் கையில் ஜிப் பழுதான கருவிப் பை. நான்காம் பக்கத்தில், இடது பக்கம் மட்டும் மடிந்த காலர். ஒன்பதாம் பக்கத்தில் கட்டை விரல் நகத்தில் ஒரு பிளவு. எந்த லிஃப்ட்டிலோ மாட்டிக்கொண்டு வந்தது அது, அவருக்கு அந்த நகம் நேராக வளரவே இல்லை. எல்லாம் ஞாபகத்தில் இருந்து. பார்க்காமல் வரைய எனக்கு வராது என்றேனே, அந்த மனிதரை நான் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் பாலும் பிஸ்கட்டும், பிறகு அந்தப் புத்தகம். கடைசி நான்கு வரி வரும்போது அவள் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொள்வாள். நான் கடிகாரத்தில் வினாடி முள்ளைப் பார்ப்பேன். முதல் நாள் ஒன்பது. ஒரு வாரத்தில் இருபது. வெளியே வந்து "எவ்ளோ தாத்தா, எவ்ளோ?" என்று கேட்கும்போது அவள் முகத்தில் இருக்கும் பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாதக் கடைசிக்கு நாற்பத்தொன்று. இதையும் பத்தால் வகுக்காதீர்கள், கடிகாரம் பார்த்தது நான்தான்.

அச்சான புத்தகத்தில் அந்த முகம் இல்லை. பதிப்பகத்து அம்மா, "யாரோ தெரிஞ்சவர் மாதிரியே இருக்கு சார், ஒரு மாதிரி பண்ணுது" என்றார். முகத்தைத் திருப்பி நிழலாக்கிக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் உங்கள் அலமாரியில் இருக்கும் புத்தகத்தைத் தினமும் பார்த்தும் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை.

மாப்பிள்ளை வந்தது ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மகள் வாசனை எண்ணெயெல்லாம் தடவிக்கொண்டு தயாராக இருந்தாள். சொன்ன நேரம் தாண்டிக் கொஞ்சம் ஆகியிருந்தது. படியில் காலடி கேட்டது, பிறகு சத்தமில்லை. கதவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உள்ளங்கை, காது. ஆனால் ஓட்டச் சத்தம் கேட்கவில்லை. அவர் காத்திருந்தார். மணி அடிக்கவே இல்லை. கடைசியில் மகள்தான் பொறுக்காமல் போய்க் கதவைத் திறந்தாள். கழுத்தைச் சாய்த்தபடியே நின்றிருந்தார், கையில் பலகையும் நூலும் வைத்துத் தானே செய்த ஒரு பொம்மை லிஃப்ட். பட்டனை அழுத்தினால் ஏறும்.

"சுண்டு எங்க?" என்றார் சிரித்துக்கொண்டே.

அலமாரிக்குப் பின்னால் இருந்து ஏதோ சரிந்து விழும் சத்தம் வந்தது. சுண்டு மயங்கிக் கிடந்தாள், உதடு நீலமாகியிருந்தது. அலமாரி முனையில் நெற்றி பட்டு ரத்தம். அவர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். கண் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் விடவில்லை. அவர் கையிலேயே இரண்டாவது முறை மயங்கினாள்.

சில பிள்ளைகள் அப்படிச் செய்வார்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். இரண்டாவது முறை பூங்காவில் சந்திக்கலாம் என்று ஏற்பாடு. தூரத்தில் அவரைப் பார்த்ததும் ஊஞ்சலில் இருந்தபடியே மூச்சை நிறுத்தினாள். கீழே விழுந்து காறை எலும்பு முறிந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அவ்வளவு சுத்தமான முறிவை நான் பாடப்புத்தகத்தில்கூட வரைந்ததில்லை.

அன்று என் சாப்பாட்டு மேசையில் மகள் அவரைக் கேட்டாள். "அவள என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணுவேன்? ஆறு மாசமா நான் ஊர்லயே இல்லையே."

"அதுக்கு முன்னாடி. நான் வேலைக்குப் போன நேரத்துல. சொல்லுங்க, நான் கத்த மாட்டேன். உண்மைய மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "மாமா, நீங்களாவது சொல்லுங்க."

நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஓரம் வரை ஒழுங்காகத் தடவி முடித்துவிட்டு, "குழந்தைங்க காரணமில்லாம பயப்படாதுங்கம்மா" என்று மகளிடம் சொன்னேன். அது உண்மைதானே. அந்த வீட்டில் அன்று பேசியதிலேயே முழு உண்மை என்றால் அந்த ஒரு வாக்கியம்தான்.

மீதியெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. மகள் பிரிவு கேட்டது, அவர் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்டது, நீங்கள் சுண்டுவை இந்த அறையில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டது. "அவர் அப்பா இல்ல, அப்பா மாதிரி வர்றவர்" என்று அவள் சொன்னாளாம். நீங்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டீர்கள். அனுபவம் உள்ள யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். மெக்கானிக்குகள் சங்கத்திலும் பேச்சு பரவி, இரண்டு பேர் அவரோடு ஒரே லிஃப்ட்டில் வேலை செய்ய மாட்டோம் என்றார்களாம். ஒரு தகப்பனைப் பற்றிச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாத சந்தேகம் எவ்வளவு தூரம் நடக்கும் என்று எனக்குத் தெரியாது, மேடம். இதயம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாக வரையத் தெரியும், அவ்வளவுதான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வந்தார். சொல்லாமல் வந்தார். மகள் கடையில் இருந்தாள். காலடி கேட்டதும் சுண்டு எழுந்து போய்விட்டாள். எலும்பு கூடிய பிறகும் அந்தக் கையை மார்போடு அணைத்தபடி அலமாரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் கதவில் பதித்திருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். காதை ஒட்டியிருந்தார். கண்ணை மூடியிருந்தார். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் ஒரு பலகைக் கனம்தான். நான் போட்ட படம் அப்படியே இருந்தது, ஓர் அளவுகூடப் பிசகவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நானும் மூச்சு விடவில்லை. அறுபது, எழுபது வினாடி இருக்கும். கிழவனுக்கு அது அதிகம். பிறகு அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது. கையை எடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"போய்ட்டான் தாத்தா" என்று உள்ளே இருந்து சுண்டு மெல்லச் சொன்னாள். "பாட்டுல சொன்ன மாதிரியே."

மறுநாள் உங்களிடம் வந்து எழுதிக் கொடுத்தார்.

அன்று ராத்திரி மேசையில் உட்கார்ந்தேன். கையைச் சோதிக்கலாம் என்று ஒரு தவளை போட்டேன்; நாற்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற தவளை. அது தலையைச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்கிறது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு போட்டேன். அதுவும் கேட்கிறது. கிழித்த தாள்களைச் சுண்டு எடுத்து ஒட்டி வைத்திருக்கிறாள்.

இந்தப் பையில் இருப்பதுதான் அந்த மாதிரிப் புத்தகம். எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் பக்கத்தைத் திறங்கள். அவரை இதே நாற்காலியில் இரண்டு முறை உட்காரவைத்துப் பேசியிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். ஒன்பதாம் பக்கத்தில் அந்த நகத்தையும் பாருங்கள். பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் நான் எழுதி வைத்த எண்கள் இருக்கின்றன: ஒன்பது, பதினான்கு, இருபது, இருபத்தேழு, நாற்பத்தொன்று. தேதியும் போட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒருநாளும் செய்ததில்லை. நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். ஒரு பிள்ளைக்குத் தகப்பனிடம் இருந்து தப்பிக்கக் கற்றுக்கொடுத்தேன், அதைக் கடிகாரம் வைத்துப் பயிற்சி கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், இதில் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். அவருக்கு வாரா வாரம் குழந்தையைப் பார்க்க அனுமதி கொடுங்கள். பயம் போக நாளாகும், நானும் கூட இருந்து உதவுகிறேன். இந்தப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் வந்தேன், வேறு எதற்குமில்லை.

ஒரே ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்னாள், வேறு ஊரில் பெரிய மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ரயிலில் பதினோரு மணி நேரம். குழந்தையோடு அடுத்த மாதமே போகிறாளாம். "இனிமே இங்க என்னப்பா இருக்கு?" என்றாள். வெளியே உட்கார்ந்திருந்தபோது உங்கள் எழுத்தரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தகப்பனுக்கு வாரா வாரம் பார்க்கும் உரிமை கொடுத்து உத்தரவாகிவிட்டால், தாய் நினைத்தாலும் பிள்ளையை வெளியூருக்குக் கொண்டுபோக முடியாதாமே. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எல்லாவற்றையும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஆனால் உத்தரவில் குழந்தை இந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற வரி மட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.